பாதி ஜன்னல்

டிவிக்காரர் வீட்டில் எந்தப் பொருளும் தொலைந்துபோவதில்லை. தேடும்போது கிடைக்காது, அவ்வளவுதான். தெருவைப் பார்த்த முன்னறைதான் பட்டறை. மேசைக்குக் கீழே, பீரோவுக்கு மேலே, கதவுக்குப் பின்னால் என்று எங்கு பார்த்தாலும் டிவிகள் கிடக்கும். முதுகு கழற்றியது, முகம் கழற்றியது, குடல் சரிந்த மாதிரி வயர் தொங்குவது. எது யாருடையது, எது எங்கே இருக்கிறது என்று டிவிக்காரருக்குத் தெரியாது. அவர் மனைவிக்குத் தெரியும்.

அவளைத் தெருவில் எல்லோரும் மருமகள் என்றுதான் சொல்வார்கள். உள்ளறையில் படுத்துக்கிடக்கும் மாமனார் லாரி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், வண்டியை விட்டு இறங்கும்போதே தெருமுனையிலிருந்து "மருமகளே, தண்ணி கொண்டா!" என்று குரல் கொடுப்பார். அந்தக் குரல் அடங்கி வெகுநாளாகிவிட்டது. பெயர் மட்டும் தெருவில் தங்கிவிட்டது.

அன்று காலையிலிருந்தே வானம் மூட்டம் போட்டிருந்தது. பெய்து தொலைக்கவும் இல்லை, கலைந்து போகவும் இல்லை. இஸ்திரிக்காரம்மா தன் தள்ளுவண்டியிலேயே டிவியைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் நிறுத்தினாள். துணி தேய்க்கிற பலகைமேல் கம்பளி விரித்து, டிவியை ஒரு போர்வையால் சுற்றிப் படுக்கவைத்திருந்தாள். அந்தப் போர்வையையும் மடிப்பு விழாமல் தேய்த்திருந்தாள். டிவிக்காரர் வீட்டில் இல்லை. ஊருக்கு வெளியே ஒரு தங்கும் விடுதியில் அறை அறையாக டிவி மாட்டப் போயிருந்தார்.

இஸ்திரிக்காரம்மாவுக்குக் காது கேட்காது. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் காதை எடுத்துக்கொண்டு பேச்சை விட்டுவிட்டுப் போயிருந்தது. தன் குரல் தனக்கே கேட்காததால், பக்கத்தில் நிற்பவரிடம்கூட மொட்டைமாடியில் நிற்பவரிடம் பேசுவதுபோலத்தான் பேசுவாள்.

"தங்கச்சி! படம் போயிடுச்சு! சத்தம் மட்டும் வருதாம், பக்கத்து வீட்டுப் பொண்ணு சொல்லுச்சு! எனக்கு அது வந்தா என்ன, வராட்டி என்ன!"

மருமகள் அவள் முகத்துக்கு நேராக நின்று, உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னாள். "படம் போகலக்கா. உள்ளே லைட்டுதான் போயிருக்கும். இருங்க, பார்ப்போம்."

இரண்டு பேருமாக டிவியை மேசைமேல் தூக்கி வைத்தார்கள். பிளக்கைச் சொருகியதும் யாரோ எதையோ வாங்கச் சொல்லிப் பாடினார்கள். திரை கறுப்பாகவே இருந்தது. மருமகள் டார்ச் விளக்கை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் சாய்த்துப் பிடித்தாள். வெளிச்சம் விழுந்த இடத்தில் மட்டும் ஒரு சட்டைப் பித்தான் தெரிந்தது. டார்ச்சை நகர்த்தினால் ஒரு தோள், அப்புறம் யாரோ சிரிக்கிற வாய். இருட்டுக்குள்ளே அவர்கள் பாட்டுக்கு நடமாடிக்கொண்டிருந்தார்கள். இது மருமகளுக்குப் பழகிய காட்சிதான். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் தூங்குகிறவர்கள் வீட்டில் எட்டிப் பார்த்துவிட்டது போல அவளுக்குக் கூச்சமாக இருக்கும்.

"எனக்குத் தெரியும் தங்கச்சி! நேத்தெல்லாம் நானும் டார்ச் அடிச்சுத்தான் பார்த்தேன்! மூக்கைப் பார்த்தா வாயைக் காணோம், வாயைப் பார்த்தா கையைக் காணோம்! இன்னிக்கு எனக்குக் கை வேணும்!"

"என்ன கைக்கா?"

"என் பொண்ணு கை!"

செய்தி வாசிக்கும்போது திரையின் கீழ்மூலையில் ஒரு வட்டம் வருமே, அதற்குள் ஒருவர் நின்று காது கேளாதவர்களுக்குக் கையாலேயே செய்தி சொல்வாரே, இன்று சாயங்காலச் செய்தியிலிருந்து அந்த வட்டத்துக்குள் நிற்கப்போவது இஸ்திரிக்காரம்மாவின் மகள். மகள் வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படித்தது தெருவுக்குத் தெரியும். என்ன படிக்கிறாள் என்று யாரும் கேட்டுக்கொண்டதில்லை.

"நான் பேசறது அவளுக்குக் கேக்கும். அவ பேசறது எனக்குக் கேக்காதே! சின்னப் புள்ளையிலேயே எங்கிட்ட கையாலதான் சண்டை போடுவா. அதையே படிப்பாப் படிச்சுட்டா, கழுதை!" சொல்லிவிட்டு இஸ்திரிக்காரம்மா முந்தானையால் டிவியின் முகத்தைத் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"சின்ன டிவி ஒண்ணு இருக்குக்கா. இன்னிக்கு ஒரு நாளைக்கு எடுத்துட்டுப் போய்ப் பாருங்களேன்."

"சின்னதுல அந்த வட்டம் சட்டைப் பித்தான் அளவுதான் தெரியும்! விரலை எப்படிப் படிக்கிறது? அதுக்குத்தானே இவ்ளோ பெரிசா வாங்கினேன்! போன்ல பார்க்கலாம்னு வேற ஒரு புண்ணியவான் சொன்னான். எம்போன்ல நம்பரைத் தவிர ஒண்ணும் தெரியாது!"

அப்போதுதான் மருமகள் டிவியின் முதுகில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தாள். இதே கம்பெனி, இதே அளவு. இதே மாதிரி ஒன்று, முகக்கண்ணாடி உடைந்தது, நம்மிடம் இருக்கிறது. பந்து பட்டு உடைந்து, சொந்தக்காரர்கள் வேண்டாமென்று விட்டுப்போனது. கண்ணாடி போனால் என்ன, உள்ளே விளக்குப் பட்டைகள் எல்லாம் பழுதில்லாமல் இருக்கின்றன. அவள் மனத்தில் அது பளிச்சென்று எரிந்தது.

"கவலையை விடுங்க. இதே டிவி ஒண்ணு நம்மகிட்ட இருக்கு. அதுல இருக்கற லைட்டை எடுத்து இதுல போட்டுடலாம். செய்திக்கு முன்னாடி டிவி உங்க வீட்டுச் செவுத்துல இருக்கும்."

இஸ்திரிக்காரம்மா அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சூட்டில் காய்ப்பேறிய உள்ளங்கையை நீட்டினாள். காதால் வாங்க முடியாத வாக்கைக் கையால் வாங்கிக்கொள்வது அவள் வழக்கம். மருமகள் அதில் ஓங்கி அடித்துக் கொடுத்தாள்.

தள்ளுவண்டி போனதும் தேட ஆரம்பித்தாள். மேசைக்கு அடியில் இல்லை. பீரோ மேல் ஏறிப் பார்த்தாள், ஒட்டடைதான் கிடைத்தது. கதவுக்குப் பின்னால் இருந்தவை எல்லாம் வேறு அளவு. பரணில் அட்டைப்பெட்டிகளை நகர்த்தி, உள்ளே ஏதோ ஓட, அலறி இறங்கினாள். அவர் யாருக்காவது தூக்கிக் கொடுத்திருப்பாரோ? கொடுத்தாலும் கொடுப்பார், கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாத மனுஷன். ஆனால் அவளுக்கு அது கண்முன் நிற்கிறது, இன்று காலையில்கூடத் தூசி தட்டிய ஞாபகம். எங்கே தட்டினாள்?

மாமனாருக்குப் பசிக்கிற நேரம் தாண்டிவிட்டது. கஞ்சியைக் கரைத்து எடுத்துக்கொண்டு, மூளையைப் போட்டுக் குழப்பிக்கொண்டே உள்ளறைக்குள் போனாள்.

அந்த உள்ளறைக்கு ஒரு காலத்தில் நல்ல ஜன்னல் இருந்தது. பக்கத்து மனைக்காரர் வீட்டை உயர்த்திக் கட்டியதில் ஜன்னலுக்கு வெளியே ஒரு சாண் தள்ளிச் செங்கல் சுவர் எழும்பிவிட்டது. பெரியவர் படுக்கையில் விழுந்ததும் அந்தச் சமயத்தில்தான். இருட்டறையில் கிடந்து அவருக்குப் பகல் எது ராத்திரி எது என்ற கணக்குப் போய்விட்டது. பகலெல்லாம் தூங்கினார். ஊர் அடங்கியதும் எழுந்து, லோடு ஏற்ற ஆள் வரவில்லையென்று கத்தினார். சாப்பாட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், ஆளே கரைந்துகொண்டிருந்தார். அப்போதுதான் டிவிக்காரருக்கு அந்த யோசனை வந்தது. பந்து பட்ட அந்த டிவியின் உடைந்த கண்ணாடியைக் கழற்றி எறிந்தார். அதன் பின்னால் இருந்த பால்நிறப் பலகையையும் விளக்குகளையும் அப்படியே சட்டத்தோடு தூக்கி, ஜன்னல் பொந்தில் கச்சிதமாகப் பொருத்தி, ஓரத்துக்கு மரச்சட்டம் அடித்தார். சுவிட்சைப் போட்டதும் அறைக்குள் காலை வந்தது. கண்ணைக் குத்துகிற வெளிச்சம் இல்லை அது. மேகத்துக்குப் பின்னால் சூரியன் இருக்கிற நாளில் வருமே, அந்த மாதிரி.

மருமகள் அதற்குத் திரைச்சீலை தைத்துப் போட்டாள். காலையில் எழுந்ததும் 'திறந்து'விடுவாள், விளக்கு வைக்கிற நேரத்தில் 'சாத்து'வாள். பெரியவர் ராத்திரியில் தூங்கிப் பகலில் விழிக்க ஆரம்பித்தார். கஞ்சி இறங்கியது. விழித்ததும் ஜன்னலைப் பார்த்துவிட்டுக் கேட்பார்: "கிளீனர், எங்க வந்திருக்கோம்?"

லாரியில் கூட வரும் கிளீனர் என்று அவளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். முதல்நாள் அவளுக்கு அழுகை வந்தது. இரண்டாம் நாள், "மலை ஏறிட்டிருக்கோம் மாமா. மூடுபனி. மெதுவாத்தான் போகணும்," என்றாள். பெரியவர் சந்தோஷமாகத் தலையசைத்தார். அன்றிலிருந்து இரண்டு பேரும் போகாத ஊரில்லை. பிறந்த வீட்டையும் இந்தத் தெருவையும் தவிர வேறெதையும் பார்க்காதவள் அவள். பட்டறை மேசையில் பழுது பார்த்துச் சோதித்துப் பார்க்கிற டிவிகளில் ஓடும் காடும் பாலமும் சந்தையும்தான் அவள் கைமுதல். ஜன்னல் வெறும் வெள்ளையாக இருந்ததால் எதை வேண்டுமானாலும் அதில் வைத்துச் சொல்ல முடிந்தது.

அந்த ஜன்னல்தான் இப்போது அவள் முகத்துக்கு நேரே எரிந்துகொண்டிருந்தது. கஞ்சிக் கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"ஐயோ," என்றாள்.

"என்ன, பஞ்சரா?" என்றார் பெரியவர், அவள் முகத்தைப் பார்த்து.

"இல்ல மாமா." அவளுக்குச் சிரிப்பு வந்தது. தினம் தூசி தட்டுகிறாள், திரை துவைத்துப் போடுகிறாள். ஜன்னலைப் போய் யாராவது டிவி என்று நினைத்துக்கொண்டிருப்பார்களா? இந்த வீட்டு ஜன்னல் வெளிச்சத்தையா உள்ளங்கையில் அடித்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்?

டிவிக்காரர் வந்ததும் வராததுமாக எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முகம் கழுவிக்கொண்டே கேட்டார். துண்டை முகத்திலிருந்து எடுக்க வெகுநேரம் ஆனது. உள்ளே சிரிக்கிறார் என்று தோள் குலுங்குவதிலிருந்து தெரிந்தது.

"வீட்டு ஜன்னலைக் கழட்டி வியாபாரம் பண்ணின மொத ஆள் நீதான்."

"சிரிக்காதீங்க. இப்ப என்ன பண்றது?"

"என்ன பண்றது? இல்லைன்னு சொல்லிடு. இந்த மாடலுக்குப் பட்டை வர்றதே நின்னுபோச்சு. வேற அளவு வரவழைச்சு வெட்டித்தான் ஒட்டணும். நாளாகும்."

"கையில அடிச்சுக் குடுத்திருக்கேங்க."

"அதுக்கு? அப்பாவை மறுபடியும் இருட்டுல போடச் சொல்றியா?" சிரிப்பு போய்விட்டது அவருக்கு. "எப்படி இருந்தாருன்னு மறந்துட்டியா? இன்னொரு தடவை அப்படி ஆனா திரும்பி வரமாட்டாரு."

அவள் மறக்கவில்லை. அவரைக் கழுவிவிட்டதும் அதட்டியதும் கெஞ்சியதும் எல்லாம் அவள்தானே. அந்த ஜன்னலைக் கழற்ற அவளுக்கு மனம் வரவில்லை. மாமனாருக்காகத்தான் என்று முதலில் எண்ணினாள். ஆனால் அவளுக்கும் அந்த ஜன்னல் வேண்டும். காலையில் திரையை விலக்கி, "இன்னிக்கு ஆத்துப்பாலம் மாமா," என்று ஆரம்பிக்கிற அந்த நேரம் நாள் முழுக்க அவளை நடத்திக்கொண்டு போகிறது. அதையும் விட்டுக்கொடுக்க முடியவில்லை, நீட்டிய அந்த உள்ளங்கையையும் மறக்க முடியவில்லை.

"மொதல்ல அக்கா டிவியைத் திறந்து பாருங்க. ஒரு பல்புதான் போயிருக்கோ என்னவோ."

ஒரு பல்பு போனாலும் மொத்தமும் அணைந்துவிடும், எல்லாம் கைகோத்து நிற்கிற சமாசாரம். அப்படி இருந்தால் தப்பித்தோம் என்று இருவருமே நினைத்துக்கொண்டார்கள். டிவியைக் குப்புறப் படுக்கவைத்து முதுகு மூடியை எடுத்தார் அவர். சர்க்யூட் பலகைகளை விடுவித்து, டிவியை நிமிர்த்தி, ஓரச் சட்டத்தைக் கழற்றினார். அடுத்ததுதான் கண்ணாடி. பெரிய அப்பளம்போல மெல்லிசு. அதன் ஓரத்தில் தொங்கும் நாடாக்களில் ஒன்று கிழிந்தாலும் டிவி அத்தோடு சரி. அதை ஒற்றை ஆளாகத் தூக்க முடியாது. ஆளுக்கு ஒரு பக்கம், உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கிண்ணியைக் கண்ணாடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இந்த வேலையின்போது அவர்கள் பேசுவதில்லை. அவர் மூச்சை இழுத்தால் இவளும் இழுப்பாள். அவர் "ம்" என்பார். கண்ணாடி எழும்பும். கல்யாணமான புதிதில் கைபடக் கூசியபோதே இதைச் சேர்ந்து தூக்கியிருக்கிறார்கள்.

கண்ணாடியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, பால்பலகையையும் மெல்லிய தாள்களையும் எடுத்தார்கள். உள்ளே நான்கு பட்டைகள். சோதனை முள்ளை வைத்துப் பார்த்தார். முதலாவது எரியவில்லை. இரண்டாவதும் மூன்றாவதும் செத்துக் கிடந்தன. கடைசிப் பட்டையில் மட்டும் காய்ச்சல்காரர் கண்போல மங்கலாக ஒரு மஞ்சள் தெரிந்தது. பல்புகளின் மேல்மூடிகள் பழுப்பேறியிருந்தன.

"எந்நேரமும் முழு வெளிச்சத்துல வெச்சிருக்கும்போல அந்தம்மா."

"விரலைப் படிக்கணுமில்ல," என்றாள் மருமகள்.

அந்த நேரம் பார்த்து இஸ்திரிக்காரம்மாவே வந்து நின்றாள். தலை வாரி, நல்ல புடவை கட்டியிருந்தாள், விசேஷ வீட்டுக்குப் புறப்பட்டவள்போல. டிவிக்காரர், "வாங்கக்கா, கொஞ்சம் உக்காருங்க," என்றது அவளுக்குத் தெரியவில்லை. மேசைமேல் தன் டிவி பிரிந்து கிடப்பதைப் பார்த்தாள். "அந்த இன்னொரு டிவி எங்கே?" என்று கத்திக்கொண்டே, வெளிச்சம் தெரிந்த உள்ளறைக்குள் நேராகப் போய்விட்டாள்.

பெரியவர் தலையணையில் சாய்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் வந்ததைப் பார்த்துத் திரும்பினார்.

"எடம் இல்லம்மா. லோடு நெறைய ஏத்தியாச்சு."

அவர் உதட்டைப் படித்துவிட்டு அவள் சொன்னாள்: "பரவால்ல! நான் நின்னுக்கிட்டே வரேன்!"

பெரியவர் முகம் மலர்ந்துபோயிற்று. அவர் காதும் மந்தம்தான். வெகுநாளைக்குப் பிறகு ஒருவர் பேசியது முதல் தடவையிலேயே அவருக்குக் கேட்டிருந்தது. "வெவரமான பொம்பளை. ஏறிக்க. கம்பியைப் பிடிச்சுக்க."

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஜன்னலைப் பார்த்தாள், திரைச்சீலையைப் பார்த்தாள், மரச்சட்டத்துக்குக் கீழே இறங்கி வந்த வயரைப் பார்த்தாள். அப்புறம் பெரியவர் முகத்தில் விழுந்திருந்த வெளிச்சத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள். யாரும் ஒன்றும் விளக்கிச் சொல்லவில்லை. சொல்லாமல் புரிந்துகொள்வதே பிழைப்பாக வாழ்ந்தவள் அவள். பெரியவர் கண்ணயர்ந்ததும் மருமகளின் கையைப் பிடித்துப் பட்டறைக்கு இழுத்துவந்தாள்.

"இதையா எனக்குத் தரேன்னு அடிச்சுக் குடுத்தே?"

மருமகள் தலையைக் குனிந்தாள்.

"நிமிர்ந்து பேசு! குனிஞ்சா எனக்கு எப்படித் தெரியும்?"

"மறந்துட்டேங்க்கா. சத்தியமா அது டிவின்னே மறந்துபோச்சு. ஜன்னல்னுதான் மனசுல இருந்துச்சு."

இஸ்திரிக்காரம்மா கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார்கள். அவள் வாசற்படியில் உட்கார்ந்து முந்தானை நுனியை முழங்காலில் வைத்து நீவி நீவி மடித்தாள். "வேணாம். அவர் வெளிச்சத்தைப் பிடுங்கி நான் என் பொண்ணைப் பார்க்கணுமா? வேணாம்." சொல்லிவிட்டாளே தவிர எழுந்து போகவில்லை. கண் மேசைமேலேயே இருந்தது. முதல் தடவையாக அவள் குரல் தாழ்ந்திருந்தது. "அவ நிக்கறதை நான் பார்ப்பேன்னு அவளுக்குத் தெரியும். அதை நெனச்சுட்டுதான் நிப்பா."

டிவிக்காரர் திருப்புளியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். வானம் ஒரு தடவை உறுமி அடங்கியது.

திடீரென்று இஸ்திரிக்காரம்மா எழுந்தாள். மேசையருகே போய், பட்டைகளைத் தொடாமல் விரலால் காட்டினாள். "இது ஒவ்வொண்ணும் குறுக்கால ஒரு வரிசைக்கு வெளிச்சம் குடுக்குது. அப்படித்தானே?"

"ஆமாங்க்கா."

"என் பொண்ணு நிக்கறது கீழ்மூலையில. மேல எனக்கு எதுக்கு வெளிச்சம்?"

டிவிக்காரருக்குப் புரிந்தது. புரிந்ததும் பதறினார். "அதெல்லாம் ஆகாதுக்கா! மேல இருட்டு, கீழ வெளிச்சமா? மாத்தினா மொத்தமா மாத்தறதுதான் என் பழக்கம். அரைகுறை வேலை பண்ணித் தந்தா பார்க்கறவன் காறித் துப்புவான்."

"பார்க்கப்போறது நான் ஒருத்திதான்! நான் துப்பல! செய்தி வாசிக்கறவர் தலை எனக்கு வேணாம், அவர் என்ன பேசறார்னு எனக்கா கேக்குது? எனக்குக் கை போதும்! பாதியை எனக்குக் குடு, பாதியை அவருக்கு விடு!"

அவர் மனைவியைப் பார்த்தார். மருமகள் ஏற்கெனவே திரைச்சீலையைக் கழற்ற எழுந்துவிட்டிருந்தாள். பாதி வெளிச்சம் மாமனாருக்குப் போதுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒன்றும் இல்லாமல் போவதற்கு இது தேவலை என்று மட்டும் சொல்லிக்கொண்டாள். பயம் போகவில்லை.

பெரியவர் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். சுவிட்சை அணைத்ததும் அறை மறைந்துபோனது. எடுத்த சட்டத்துக்குப் பின்னால் செங்கல் சுவர் ஈரவாடை அடித்தது. டார்ச்சை மருமகள் பிடிக்க, அவர் தரையில் உட்கார்ந்து பால்பலகையை எடுத்துவிட்டு, பட்டைகளை ஓரத்திலிருந்து மெல்ல நெம்பினார். ஒட்டிய பசை விடாமல் இழுத்துக்கொண்டு வந்தது. கட்டிலில் பெரியவர் புரண்டபோது இருவரும் மூச்சை நிறுத்தினார்கள். அவர் ஏதோ முனகினார். யாரையோ ஓரம் போகச் சொன்னதுபோல இருந்தது.

"மிச்ச ரெண்டை மேல விடவா, கீழ விடவா?" என்று ரகசியமாகக் கேட்டார் டிவிக்காரர்.

"மேல. மேலேர்ந்துதானே வெளிச்சம் வரும்."

மிச்சமிருந்த இரண்டையும் வயரால் இணைத்து, சூடேறாதபடி மின்சாரத்தைக் குறைத்து, திரும்பவும் ஜன்னலில் மாட்டினார். மேல்பாதி வெளிறி எரிந்தது. நடுவில் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்து, கீழே இருட்டாகக் கிடந்தது. மருமகளுக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பாதி இமை மூடிய கண்போல இருந்தது. திரையை மாட்டி ஓரமாக ஒதுக்கிவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

பட்டறையில் வேலை வேகமாக நடந்தது. பட்டைகளைக் கீழ் வரிசைகளில் ஒட்டி, மூடிகளைத் துடைத்து, தாள்களைத் தூசி படாமல் ஒவ்வொன்றாக அடுக்கினார்கள். இருவரும் மூச்சை இழுத்தார்கள். "ம்." கண்ணாடி உட்கார்ந்தது. தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது மழை தூறல் போட ஆரம்பித்தது. தேய்த்த போர்வைக்கு மேலே பாலித்தீன் தாளைப் போர்த்தி, ஊர்வலம்போல மூன்று பேரும் தெருவைக் கடந்தார்கள்.

இஸ்திரிக்காரம்மாவின் வீடு ஒற்றை அறை. கயிறுகளில் சட்டைகள் தொங்கின. அவற்றை ஒதுக்கித்தான் சுவரை அடைய வேண்டியிருந்தது. டிவியை மாட்டி முடிக்கவும் செய்தி தொடங்கவும் சரியாக இருந்தது. டிவிக்காரர் கூசிப்போய் நின்றார். திரையின் மேல்பாதி அந்திக் கறுப்பு. செய்தி வாசிக்கிறவருக்குக் கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை. கோட்டும் டையும் மட்டும் கம்பீரமாக ஊர் விவகாரம் பேசின. மருமகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கீழ்மூலையில் வட்டம் பளிச்சென்று இருந்தது. அதற்குள் அந்தப் பெண் நின்றாள். கறுப்புச் சட்டை போட்டிருந்தாள். சட்டை கறுப்பாக இருந்ததால் கைகள் இரண்டும் நன்றாகத் தெரிந்தன.

இஸ்திரிக்காரம்மா திரைக்கு மிக அருகில் போய் நின்றாள். இவ்வளவு நேரம் தெருவுக்கே கேட்கப் பேசியவள் ஒரு சத்தமும் எழுப்பவில்லை. மகளின் கை எழும்பும்போது அவள் கையும் லேசாக எழும்பியது, புரளும்போது புரண்டது. எங்கோ பாலம் இடிந்ததையும் எங்கோ பயிர் விளைந்ததையும் கோட்டு சொல்லிக்கொண்டே போனது. வட்டத்துக்குள் ஒருமுறை விரல் தடுமாறி மறுபடி சரியானது. "பயந்துட்டா," என்றாள் இஸ்திரிக்காரம்மா, மிக மெதுவாக. "சரியாயிட்டா." அவள் கன்னம் நனைந்திருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை, கைகளுக்கு வேலை இருந்தது.

டிவிக்காரர் மூக்கை உறிஞ்சினார். மருமகளுக்கு வீட்டு நினைப்பு வந்துவிட்டது. பெரியவர் விழித்திருப்பார். பாதி ஜன்னலைப் பார்த்து என்னவென்று நினைப்பார்? பொழுது சாய்ந்துவிட்டது, லோடு ஆளைக் கூப்பிடு என்று மறுபடி ஆரம்பித்துவிட்டால்? "நீங்க இருந்து ஆணியை ஒரு தடவை பார்த்துட்டு வாங்க," என்று அவரிடம் சொல்லிவிட்டு மழையிலேயே ஓடினாள்.

உள்ளறைக் கதவு திறந்தபடியே இருந்தது. பெரியவர் விழித்திருந்தார். கத்தவில்லை. தலையணையை விட்டு முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, ஜன்னலை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஈரத் தலையோடு கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். வழக்கமாக இந்த இடத்தில் அவர் கேட்பார், அவள் சொல்வாள். இந்தக் கறுப்பை வைத்து எந்த ஊரைச் சொல்வது என்று அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அவர் கேட்கவில்லை.

"வாம்மா கிளீனர். தூங்கிட்டேன்னு எழுப்பாம விட்டுட்டியா? பார், எங்க வந்து நிக்கறோம்னு."

"எங்க மாமா?"

"தெரியல? கடல்." விரலை நீட்டிக் கறுப்பும் வெளுப்பும் கலக்கிற இடத்தில் ஒரு கோடு இழுத்தார். "அதுக்கு மேல வானம். கீழ எல்லாம் தண்ணி. மழை வரப்போகுது, அதான் இப்படிக் கறுத்துக் கிடக்கு. வெயில் நாள்ல வந்தா பார்க்கணும் நீ."

அவள் கடலைப் பார்த்ததில்லை. மலைக்கும் காட்டுக்கும் அவரைக் கூட்டிக்கொண்டு போனவள் கடலுக்கு மட்டும் போனதில்லை. மேசை டிவிகளில் வந்தபோதெல்லாம் அது நீலமாக அசைந்தது, அவ்வளவுதான். அதை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரிந்ததில்லை. இப்போது கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பார்த்தாள். கீழே இருட்டு பெரிதாக, அமைதியாகக் கிடந்தது. அதன் விளிம்பில் வெளிச்சம் கரைந்துகொண்டிருந்தது. வெளியே கூரைமேல் மழை இரைந்தது.

"பெரிசா இருக்கு மாமா," என்றாள்.

"இன்னும் இருக்கு. இங்கேர்ந்து பார்க்கறது கொஞ்சம்தான்." அவளுக்கு இடம் விட்டு நகர முயன்றார். "பயப்படாதே, வண்டியை மேட்டுலதான் நிறுத்தியிருக்கேன். உப்புக் காத்து அடிக்குது, அந்தப் பக்கக் கண்ணாடியை மட்டும் கொஞ்சம் ஏத்திவிடு."

மருமகள் எழுந்துபோய்த் திரைச்சீலையைப் பிடித்தாள். கடலை மறைக்காமல் ஓரமாக ஒரு கை அளவு இழுத்துவிட்டுத் திரும்பி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.